பூஜ்யம் என்ன சொல்கிறது? துருவக் கடலடி வண்டலில் சாட்சியைத் தேர்ந்தெடுப்பது

கடலடியில் குழாயை இறக்கி எடுத்த உருளை வண்டல் மாதிரியை, அதாவது கோரை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததும், ஈர மண்ணின் நிறப் பட்டைகளைப் பார்த்து எல்லோரும் ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பார்கள். அடுத்த நிமிடமே பங்குச் சண்டை ஆரம்பிக்கும். ஒரு பாதியை யாரும் தொடக்கூடாது, அது காப்பகத்துக்கு. மறுபாதியில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டினால், உலர்த்திய பிறகு பத்து முப்பது கிராம் தேறும். டயாட்டம் எனும் நுண்பாசிகளின் ஓடுகளைப் பார்ப்பவருக்கு அதில் ஒரு சிட்டிகை போதும். கரிம மூலக்கூறு பிரிப்பவர் சில கிராம் கேட்பார். ஃபோராமினிஃபெரா எனும் ஒற்றைச்செல் கடலுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளைப் பொறுக்குபவருக்கு மீதி முழுவதும் வேண்டும். அப்படியும் சில துண்டுகளில் ஓர் ஓடுகூடக் கிடைக்காது. கார்பன்-14 கணிப்புக்கும் அதே ஓடுகள்தான் தேவை. எல்லோருக்கும் எல்லாம் கொடுக்க மண்ணும் இல்லை, ஆய்வக நாட்களும் இல்லை. எதை முதலில் அளப்பது என்று முடிவெடுத்தே ஆகவேண்டும்.

கடலின் பழைய நிலையை நேராக அளக்க வழியில்லாததால், அதன் தடயத்தைச் சுமந்து வந்த ஏதோ ஒன்றை அளக்கிறோம். ஆய்வகங்களில் அதை ப்ராக்ஸி என்பார்கள். நான் சாட்சி என்றே சொல்கிறேன், ஏனென்றால் சாட்சிகளைப் போலவே இவையும் சில கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லும், சிலவற்றுக்கு வாயே திறக்காது.

சாட்சிகளை ஒப்பிடும்போது துல்லியம், செலவு, நேரம் என்று பத்தி போட்டு மதிப்பெண் கொடுப்பது வழக்கம். வெப்பக் கடல்களில் அந்த அட்டவணை ஓரளவு உதவும். துருவக் கடலில் ஏமாற்றும். அங்கே ஓடுகள் கரையும், பனி வெளிச்சத்தை மறைக்கும், ஆண்டில் சில வாரங்களே உயிர்கள் பெருகும். அதனால் தரவு வரிசையில் அடிக்கடி வருவது பூஜ்யம். நான் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சாட்சி பூஜ்யம் காட்டினால் அதற்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும்? ஒன்றென்றால் நல்ல சாட்சி. இரண்டென்றால், அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் துணைச் சாட்சி ஒன்று கூடவே வேண்டும். நான்கு ஐந்து என்றால் மண்ணைச் சேமித்துக்கொள்ளலாம்.

கடற்பனி: ஓடா, மூலக்கூறா?

பெரும்பாலானவர்கள் துருவக் கோரிடம் கேட்கும் முதல் கேள்வி, இங்கே கடற்பனி இருந்ததா என்பது. இதற்கு இரண்டு பெரிய போட்டியாளர்கள். ஒன்று டயாட்டம் எனும் ஒற்றைச்செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள். மற்றொன்று அவற்றில் சில இனங்கள் மட்டும் உண்டாக்கும் கொழுப்பு வகை மூலக்கூறு.

அண்டார்க்டிக்கில் ஓடுகளின் கை ஓங்கியிருக்கிறது. தென்பெருங்கடலின் அடியில் டயாட்டம் சேறு ஒரு வளையமாகவே கண்டத்தைச் சுற்றிக் கிடக்கிறது. ஃப்ராஜிலாரியோப்சிஸ் கர்ட்டா, ஃப்ராஜிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்ற இரண்டு இனங்களும் கடற்பனியை ஒட்டி வாழ்பவை. இவ்விரண்டும் சேர்ந்து மொத்த ஓடுகளில் 3 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே குளிர்காலத்தில் பனி படர்ந்திருந்தது என்று கெர்சோண்டே, ஸீலின்ஸ்கி இருவரும் 2000-இல் ஓர் எல்லை வகுத்தார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த ஃப்ராஜிலாரியோப்சிஸ் கெர்குலென்சிஸ் திறந்த கடலின் ஆள். ஒரு கண்ணாடித் தகட்டில் முந்நூறு, நானூறு ஓடுகளை எண்ணி முடித்தால் கையில் ஒரே எண் வருவதில்லை, ஒரு சமூகமே வருகிறது. எதிர்பார்த்த இனம் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதாவது, இங்கே பூஜ்யம் ஊமையில்லை. டயாட்டத்தின் பெரிய பலம் இதுதான்.

பலவீனமும் அந்த ஓட்டில்தான் இருக்கிறது. கடல்நீரில் சிலிக்கா குறைவு, ஓடுகள் கீழே இறங்கும்போதே கரைகின்றன, அடியில் படிந்த பின்னும் கரைகின்றன. கரைவது எல்லா இனத்திலும் ஒரே அளவில் நடந்தால் கவலையில்லை, விகிதம் மாறாது. நடப்பது வேறு. பனியோரத்து இனங்களின் ஓடு மெல்லியது. கெர்குலென்சிஸின் ஓடு தடித்தது. மெல்லியவை போய்த் தடித்தவை மிஞ்சினால், பனி மூடிக்கிடந்த கடல்கூடத் திறந்த கடலைப் போலத் தெரியும். ஆக, டயாட்டத்தின் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரியும். சாயும் திசை தெரிந்த தராசை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யலாம் என்பது என் கட்சி.

ஆர்க்டிக்கின் நடுப்பகுதிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே ஓடுகள் பெரும்பாலும் மிஞ்சுவதே இல்லை. பல ஆண்டுகளாக அது சாட்சியில்லாத கடலாகவே கிடந்தது. 2007-இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட்டும் அவருடைய குழுவினரும் 25 கார்பன் அணுக்கள் கொண்ட, கிளைத்த ஒரு மூலக்கூறை முன்வைத்தார்கள். ஐபி25 என்று பெயர். ஹாஸ்லியா பேரினத்தின் சில இனங்களும் ப்ளூரோசிக்மா ஒன்றும் கடற்பனியின் அடிப்புறத்தில் வாழும்போது இதைத் தயாரிக்கின்றன என்பது 2014-இல் உறுதியானது. இந்த இனங்கள் பனிப்பாசிக் கூட்டத்தில் சிறுபான்மைதான், ஆனால் ஆர்க்டிக் முழுவதும் பரவியிருக்கின்றன. ஓடு கரைந்துபோன பின்னும் மூலக்கூறு மண்ணில் தங்குகிறது. மத்திய ஆர்க்டிக்கில் இதைவிட நேரடியான கடற்பனிச் சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அது இருந்தால் வசந்தத்தில் பனி இருந்தது, அதில் சந்தேகமில்லை.

இல்லாவிட்டால்தான் தகராறு. பனியே இல்லாத திறந்த நீரிலும் ஐபி25 பூஜ்யம். வெளிச்சம் புகாத தடித்த நிரந்தரப் பனிக்கு அடியிலும் பாசி வளராது, அங்கேயும் பூஜ்யம். ஒரே எண், நேர் எதிரான இரண்டு கடல்கள்! இதைப் பிரிக்கத்தான் 2011-இல் யூலியானே ம்யூல்லரும் சக ஆய்வாளர்களும் திறந்த நீரில் வாழும் மிதவைப் பாசிகளின் மூலக்கூறு ஒன்றைத் துணைக்கு அழைத்து, இரண்டையும் ஒரே விகிதத்தில் வைத்தார்கள். பிஐபி25 என்பது அதன் பெயர். இரண்டுமே இல்லையென்றால் நிரந்தரப் பனி, மிதவைப் பாசியின் குறி மட்டும் இருந்தால் திறந்த நீர், இரண்டும் இருந்தால் பனி விளிம்பு. யோசனை அழகானது. ஆனால் துணைக்கு வழக்கமாக எடுக்கும் பிராசிகாஸ்டெராலை நன்னீர்ப் பாசிகளும் உண்டாக்கும், சைபீரிய ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுவரும். ஆற்று முகத்துக்கு அருகே எடுத்த கோரில் இந்த விகிதத்தை நம்பி மாதக் கணக்கில் பனிக்காலம் சொல்வதை நான் தவிர்ப்பேன். விகிதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது கௌரவம்.

தென் துருவத்தில் ஐபி25 கிடையாது. அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்று உண்டு, ஐப்சோ25 என்பார்கள். பெர்க்லேயா அடிலியென்சிஸ் என்ற டயாட்டம் அதன் மூலம் என்று 2016-இல் காட்டப்பட்டது. அந்த இனம் கரையோரத்தில், பனித்தட்டுகளுக்கு (நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதிகளுக்கு) அருகே உருவாகும் தகட்டுப் பனியை விரும்புவது. ஆகவே ஐப்சோ25 அதிகரித்தால் கடற்பனி அதிகரித்ததா, பனித்தட்டின் உருகுநீர் அதிகரித்ததா என்ற கேள்வி எழுகிறது. அண்டார்க்டிக் கோருக்கு ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் டயாட்டம் எண்ணுங்கள். இரண்டு செய்ய முடிந்தால் ஐப்சோ25-ஐச் சேருங்கள். ஆர்க்டிக்கில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு. டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் எனும் மிதவை நுண்ணுயிர்களின் உறைகள், சுருக்கமாக டைனோசிஸ்ட். கரிமப் பொருளால் ஆனவை என்பதால் கரையாது, இதுதான் இவற்றின் கவர்ச்சி. இன்றைய மேல்மண்ணில் உள்ள கூட்டத்தோடு பழைய கூட்டத்தைப் பொருத்தி, ஆண்டுக்கு எத்தனை மாதம் பனி என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். அந்த எண்ணின் துல்லியத்தைப் பற்றிப் புள்ளியியல் வட்டாரத்தில் நீண்ட வாக்குவாதம் உண்டு: பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் இயல்பாகவே ஒத்திருப்பதால் முறை தன் திறமையைக் கூட்டிச் சொல்லிக்கொள்கிறது என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது.

இந்த வாக்குவாதத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை ஏன் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. கடற்பனியை நாம் செயற்கைக்கோளில் தொடர்ச்சியாகப் பார்ப்பது 1978-இன் இறுதியிலிருந்துதான். மத்திய ஆர்க்டிக்கில் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் மண் சேரும் இடங்கள் உண்டு. மேல் சென்டிமீட்டரை இன்றைய மாதிரி என்று எடுத்து நாற்பத்துச் சொச்ச ஆண்டு செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால், ஆயிரம் ஆண்டுச் சராசரியை ஒரு கண்சிமிட்டலோடு ஒப்பிடுகிறோம். எந்தச் சாட்சியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கடன் கூடவே வரும்.

பனிமலை கொட்டிய கல்

பனியாறு நிலத்தைச் சுரண்டி எடுத்த மணலும் சரளையும் மிதக்கும் பனிமலையோடு பயணம் செய்து, அது உருகும் இடத்தில் கடலடிக்கு விழுகின்றன. நுண்ணிய சேற்றுக்கு நடுவில் ஒரு கூழாங்கல் கிடந்தால் வேறெப்படி வந்திருக்கும்? 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சல்லடையில் சலித்து எண்ணினால் போதும். கருவிச் செலவு ஏறக்குறைய இல்லை. 1988-இல் ஹார்ட்முட் ஹைன்ரிஷ் வட அட்லாண்டிக்கின் கோர்களில் இப்படிப்பட்ட அடுக்குகளைக் கண்டு எழுதிய கட்டுரையிலிருந்துதான், வட அமெரிக்காவை மூடியிருந்த பெரும் பனிப்படலம், அதாவது பனிவிரிப்பு, திரும்பத் திரும்பப் பனிமலைப் படைகளைக் கடலுக்குள் அனுப்பியது என்ற சித்திரம் வளர்ந்தது.

மலிவு, எளிது, ஆனால் என் அளவுகோலில் இது மோசமாகத் தோற்கிறது. கல் இல்லையென்றால் பனியாறு கடலைத் தொடவில்லை என்று இருக்கலாம். கடல் மிகக் குளிர்ந்திருந்ததால் பனிமலைகள் உருகாமலே கடந்து போயிருக்கலாம். ஃபியோர்டு எனும் குறுகிய ஆழக் கடற்கழியின் வாயில் கடற்பனி இறுகி, பனிமலைகள் வெளியேற முடியாமல் சிறைப்பட்டிருக்கலாம். கிரீன்லாந்து ஃபியோர்டுகளில் இது சகஜம். மேலே பெரிய பனித்தட்டு இருந்து, கல்லெல்லாம் அது தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் இடத்திலேயே உதிர்ந்திருக்கலாம். இல்லாமைக்கு மட்டுமல்ல, மிகுதிக்கும் பல காரணங்கள்: அடிநீரோட்டம் நுண்மண்ணை அரித்துச் சென்றால் மிஞ்சியதில் கல்லின் விழுக்காடு தானே ஏறும். கடும் குளிர் காலத்தில் கல் குறைந்து, சற்று வெதுவெதுப்பானதும் கூடுவதைப் பார்த்து, பனிவிரிப்பு வளர்ந்தது என்று நேர்மாறாக எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே இதைச் செய்யுங்கள், செய்யாமல் விட முடியாது, சல்லடை எப்படியும் ஃபோராமினிஃபெராவுக்காக ஓடுகிறது. ஆனால் முதல் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

கல்லின் எண்ணிக்கையைவிட அதன் ஊரைக் கண்டுபிடிப்பது பயனுள்ளது. ஆர்க்டிக்கில் இரும்பு ஆக்சைடு மணிகளின் வேதிக் கையெழுத்தை வைத்து அவை எந்தக் கரையிலிருந்து புறப்பட்டன என்று டென்னிஸ் டார்பி பல ஆண்டுகள் வேலை செய்தார். கரையோர ஆழமற்ற நீரில் உறையும் கடற்பனி, நுண்மணலையும் வண்டலையும் உள்ளே வாங்கிக்கொண்டு மறுகரைவரை நகரும். ஊர் தெரிந்தால் பனி ஓடிய பாதை தெரியும்.

வெப்பநிலையைக் கேட்பதற்கு முன்

நிதி கொடுப்பவர்களுக்குப் பிடித்த கேள்வி, எத்தனை டிகிரி என்பது. உறைநிலைக்கு அருகிலுள்ள நீரில் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் அரிது. ஃபோராமினிஃபெரா ஓட்டின் மக்னீசியம், கால்சியம் விகிதம் வெப்பத்தோடு மடங்கு மடங்காக ஏறும் வகையைச் சேர்ந்தது. அதனால் கீழ் முனையில், மூன்று நான்கு டிகிரிக்குக் கீழே, மாற்றம் மிகச் சிறியது, நீரின் கார்பனேட் அளவு அதை எளிதில் மூழ்கடித்துவிடும். வெப்பநிலை கணிக்க உதவும் ஆல்கினோன் என்ற கரிம மூலக்கூறை உண்டாக்கும் பாசிகள், அண்டார்க்டிக்கின் குளிர்நீர் எல்லையான துருவ முகப்புக்குத் தெற்கே அபூர்வம். ஆக்சிஜன் ஓரிடத்தான்களில் வெப்பநிலை, உலகப் பனியின் பருமன், உருகுநீர், உறையும்போது பிரியும் உப்புநீர் எல்லாம் ஒரே பானையில் வெந்திருக்கும்.

மிஞ்சுவது டெக்ஸ்86. ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் செல்சவ்வுக் கொழுப்பில் உள்ள வளையங்களின் எண்ணிக்கை வெப்பத்தோடு மாறுவதை இது பயன்படுத்துகிறது. ஓடே இல்லாத சேற்றிலும் இது கிடைக்கும். 2004-இல் மூன்று பனியுடைப்புக் கப்பல்கள் சேர்ந்து வட துருவத்திலிருந்து 250 கிலோமீட்டருக்குள், லோமோனோசோவ் முகடு எனும் கடலடி மலைத்தொடரில் துளையிட்டன. விடார் வைக்கிங் துளையிட, ஓடனும் அணுசக்தியில் ஓடும் சோவியத்ஸ்கி சோயுஸும் எதிரே மிதந்து வந்த பனியை உடைத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கோரில்தான் டெக்ஸ்86, சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்ப உச்சத்தில் ஆர்க்டிக் மேல்நீர் 18 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கு மேல் ஏறியதைக் காட்டியது. அது போன்ற பெரிய தாவலுக்கு டெக்ஸ்86 ஏற்ற கருவி. ஆனால் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் ஒரு டிகிரி ஏறியதா என்று கேட்டால், ஆர்க்கியா மேல்நீரில் வாழ்ந்ததா, நூறு மீட்டர் கீழே வாழ்ந்ததா என்பதே உங்கள் ஒரு டிகிரியை விழுங்கிவிடும். அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய பாமர் ஆழப்பள்ளம் போன்ற இடங்களில் இதைக் கவனமாகச் செய்து நல்ல தொடர் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்; அங்கே சேறு அத்தனை வேகமாகச் சேர்கிறது, போக்காவது தெளிவாகத் தெரிகிறது.

எங்கே, எதைக்கொண்டு எடுப்பது

இது பல நேரம் கப்பலின் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. இருந்தால் யோசிக்க வேண்டியது இதுதான்: வேகமாகச் சேரும் இடம் சிறிய காலத்தை நுணுக்கமாகக் காட்டும், மெதுவாகச் சேரும் இடம் பெரிய காலத்தைக் கலங்கலாகக் காட்டும். 2010-இல் அண்டார்க்டிகாவின் அடெலி நிலக் கரைக்கு அப்பால் எடுத்த ஒரு தளத்தில் கடந்த 11 ஆயிரத்துச் சொச்ச ஆண்டுகளின் டயாட்டம் சேறு மட்டும் 170 மீட்டருக்கு மேல் குவிந்திருந்தது. லோமோனோசோவ் முகட்டில் அதே காலம் சில சென்டிமீட்டர்களில் அடங்கிவிடும். கண்டத்தட்டில் இன்னொரு சிக்கல், கடந்த பனியுகத்தில் பனிவிரிப்பு நடந்து போன இடங்களில் பழைய பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கும். 20 ஆயிரம் ஆண்டுக்கு முன் போகவேண்டும் என்றால் பனி உரசாத சரிவுக்கோ ஆழ்கடல் மேட்டுக்கோ போங்கள்.

கருவியைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பிஸ்டன் கோரர் நீளமாக எடுக்கும், ஆனால் மேல்மண்ணைச் சிதைக்கும், சில சமயம் மேல் அரை மீட்டரையே விழுங்கிவிடும். எடைக் கோரர் எளியது, மண்ணைச் சற்று அமுக்கிச் சுருக்கும். மல்டிகோரர் அரை மீட்டர்கூட எடுக்காது. ஆனால் மண்ணுக்கு மேலே நின்ற நீரோடு சேர்த்து, மேற்பரப்பைக் கலங்காமல் கொண்டுவரும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் பலரும் பிஸ்டனைக் கேட்பார்கள். மல்டிகோரர் இல்லாத பிஸ்டன் கோர் தலையில்லாத உடல். இன்றைய நாளோடு அதை ஒட்டவைக்க முடியாது. இரண்டு நிலையங்களில் பிஸ்டன் இறக்குவதைவிட ஒரே நிலையத்தில் இரண்டு கருவியையும் இறக்குவேன்.

கடிகாரம்தான் முதல் செலவு

மேலே சொன்ன எல்லாமே ஆழத்துக்கு எதிரான வரைபடங்கள். ஆழத்தை ஆண்டாக்கும் வேலையில் துருவக் கடல் மற்ற எல்லாக் கடலையும்விடக் கொடுமையானது. அண்டார்க்டிக் மேல்நீரே கார்பன்-14 கணக்கில் ஆயிரத்து நூறு, ஆயிரத்து முந்நூறு வயதுடன் பிறக்கிறது, ஏனென்றால் ஆழத்திலிருந்து மேலே வரும் பழைய நீர் காற்றோடு கலக்க நேரமில்லை. ஓடு கிடைக்காமல் மொத்தக் கரிமத்தை எடுத்துக் கணித்தால் நிலைமை இன்னும் மோசம்: பனியாறு சுரண்டி வந்த பழைய கரிமம் கலந்து, நேற்றுப் படிந்த மேல்மண்ணுக்கே பல ஆயிரம் ஆண்டு வயது வரும். கடல் மாதிரிகளின் கார்பன்-14 வயதை உண்மையான ஆண்டாக மாற்றும் மரைன்20 வளைவை வகுத்தவர்களே அதைத் துருவப் பகுதிக்கு அப்படியே பயன்படுத்த வேண்டாம் என்றுதான் எச்சரித்திருக்கிறார்கள்.

தேர்வுகள் இப்படி இறங்கும். ஓடு கிடைத்தால், ஓரிரு மில்லிகிராம் ஆனாலும், அதைக் கார்பன்-14-க்கே கொடுத்துவிடுங்கள், மக்னீசியக்காரர் காத்திருக்கட்டும். ஓடு இல்லையென்றால் மண்ணைப் படிப்படியாகச் சூடாக்கி, குறைந்த வெப்பத்தில் சிதையும் புதிய கரிமத்தைத் தனியே பிடித்துக் கணிக்கும் முறை இருக்கிறது. விலை அதிகம், ஆனால் மொத்தக் கரிமத்தில் செய்த பத்துக் கணிப்பைவிட இதில் செய்த மூன்று மேல். கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குக் கதிரியக்க ஈயமான ஈயம்-210. ஐம்பதாயிரத்துக்கு அப்பால் கார்பன் பேசாது, காந்தத் திசையும் எரிமலைச் சாம்பலும் அழிந்த இனங்களின் வரிசையும்தான்.

கடிகாரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்க்டிக்கே உதாரணம். கோர்களில் தென்பட்ட காந்தத் திசைமாற்றங்களைப் பூமியின் பெரிய காந்தத் தலைகீழ் மாற்றங்கள் என்று எடுத்துக்கொண்டு, மத்திய ஆர்க்டிக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மில்லிமீட்டர் அளவில்தான் மண் சேர்கிறது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 1996-இல் ஓடன் கப்பல் எடுத்த ஒரு கோரை வைத்து மார்ட்டின் யாகோப்சனும் கூட்டாளிகளும் 2000-இல் வேறு கணக்குச் சொன்னார்கள்: பழுப்பு அடுக்குகளில் மாங்கனீசு ஏறி இறங்குவது பனியுக ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது, நுண்பாசித் தடயமும் அதற்குச் சாட்சி, எனவே சேரும் வேகம் சென்டிமீட்டர் அளவு. காந்தத் தலைகீழ் என்று நினைத்தது பூமிக்காந்தத்தின் தற்காலிகத் தடுமாற்றமாக இருக்கலாம். ஒரே கோர், வயது பல மடங்கு வேறு! விவாதம் முடிந்துவிடவும் இல்லை. கடல்நீரிலுள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் தோரியம்-230-ஐ வைத்துச் சிலர் மீண்டும் மெதுவான கணக்குக்கே வாதாடுகிறார்கள். அதே தோரியம்-230 இல்லாத அடுக்குகளைக் கண்டு, பனியுகத்தில் ஆர்க்டிக் இருமுறை நன்னீரால் நிறைந்து, மேலே பனித்தட்டு மூடியிருந்தது என்று 2021-இல் ஒரு குழு எழுதியது. பூஜ்யத்தை ஒரே காரணத்தோடு கட்டிப்போட்டதற்கு உடனே மறுப்புகள் வந்தன, அடுக்குகளின் வயதையே கேள்வி கேட்டு.

2004-இன் துருவக் கோரிலும் இதே கதை. அதில் 4.44 கோடி ஆண்டிலிருந்து 1.82 கோடி ஆண்டுவரை பக்கங்களே இல்லை என்று முதலில் முடிவு கட்டினார்கள். 2011-இல் ஆஸ்மியம் ஓரிடத்தான்களை வைத்து, அத்தனை நீண்ட இடைவெளி கிடையாது, மெதுவாகப் படிந்திருக்கிறது என்று மறுவாசிப்பு வந்தது. இரண்டில் எது சரி என்பதைப் பொறுத்து ஆர்க்டிக்கின் பனி வரலாறே மாறும்.

அப்படியானால் எதை எடுப்பது?

கேள்வி மேற்கு அண்டார்க்டிகாவின் ஒரு பனியாறு எப்போது பின்வாங்க ஆரம்பித்தது என்பதானால், நீளக் கோரே வேண்டாம். பைன் ஐலண்ட் பனியாற்றின் மிதக்கும் தட்டில் சூடான நீரால் துளைபோட்டு, அடியிலிருந்து குட்டைக் கோர்களை எடுத்து, ஈயம்-210, புளுட்டோனியம் இரண்டையும் கடிகாரமாக வைத்து, அடியிலுள்ள கடலடி முகட்டுக்குப் பின்னால் கடல்நீர் புகுந்தது 1940-களில் என்று 2017-இல் சொன்னார்கள். அங்கே தீர்மானித்தது மண்ணின் தன்மை மாறிய இடமும் கடிகாரமும்தான், அலங்காரமான சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. லார்சன் பி பனித்தட்டு 2002-இல் நொறுங்கியபோது திறந்துவிட்ட கடலடிக் கோர்களும் இதே மாதிரி நேரான கேள்விக்கே பதில் சொன்னன: கடந்த பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் அந்தத் தட்டு உடையவில்லை என்று 2005-இல் வெளியாயிற்று.

கடந்த பத்தாயிரம் ஆண்டில் அண்டார்க்டிக் கரையோரக் கடற்பனி எப்படி மாறியது என்பது கேள்வியானால், வேகமாகச் சேரும் பள்ளம், எடைக் கோரரும் மல்டிகோரரும், டயாட்டம் எண்ணிக்கை, துணைக்கு ஐப்சோ25. மீதிக் காசு முழுவதும் கார்பன்-14. டெக்ஸ்86-ஐ எதிர்கால மாணவருக்கு விட்டுவிடலாம். ஆர்க்டிக் விளிம்பில் இதே கேள்விக்கு ஐபி25, ஒரு மிதவைப்பாசி மூலக்கூறு, டைனோசிஸ்ட் மூன்றும் சேர்த்து. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் எழுதுங்கள், பிரிந்தால் பிரிந்தது என்றே எழுதுங்கள்.

லட்சக்கணக்கான ஆண்டுகளின் பனிவிரிப்பு வரலாறு என்றால் இது தனி ஆள் வேலை இல்லை, துளையிடும் கப்பலோ மேடையோ வேண்டும். மெக்மர்டோ பனித்தட்டிலிருந்து 2006-07-இல் எடுத்த ஆண்ட்ரில் கோர் 1,284 மீட்டர் நீளம், அதில் 98 விழுக்காடு கையில் கிடைத்தது. பனி உரசிய களிமண்ணும் திறந்த கடலின் டயாட்டம் சேறும் மாறி மாறி வரும் அந்த அடுக்குகளை வெறும் கண்ணாலேயே படிக்கலாம்; பிளியோசீன் காலத்தில் சுமார் 40 ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை பனி போய்ப்போய் வந்ததை 2009-இல் அதிலிருந்தே படித்தார்கள். அங்கே ஓர் அடுக்கு முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கும் கோடுகளில் எத்தனை ஆண்டு அரிக்கப்பட்டுப் போயிற்று என்பதுதான் பூஜ்யம்.

எந்தத் திட்டமாக இருந்தாலும், பங்கு போடும் நாளில் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஐந்து கிராமை யாருக்கும் கொடுக்காமல் உறையவைத்து எடுத்துவைப்பேன். இதை மற்றவர்கள் கஞ்சத்தனம் என்பார்கள். 1993-இல் ஆர்க்டிக்கின் யெர்மாக் கடலடி மேட்டில் துளையிட்ட கோர்களிலிருந்துதான் நவீன ஆர்க்டிக் கடற்பனி விரிவின் தொடக்கத்தைக் காட்டும் ஐபி25 தொடர் 2014-இல் வெளியானது. அந்த மண்ணைக் கப்பலில் வெட்டியவர்களுக்கு அப்படியொரு சாட்சி இருப்பதே தெரியாது.